பத்து மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையின் மூளை

"பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்று தாயைச் சொல்வது எம்மவர் வழக்கம். இந்நாட்டவர் ஒன்பது மாதம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். 28 நாட்களை ஒரு மாதமாகக் கொண்டால் பத்து மாதம் என்பது 280 நாட்கள், அதாவது 40 கிழமைகள். வைத்தியர்கள் எண்ணும் கணக்கும் இதுவே. 37 கிழமைகள் நிறையுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறார்கள். 32 கிழமைகளுக்கு முன் பிறந்தால் அது மிகக் குறைமாதம். 28 கிழமைகளுக்கும் முன் பிறந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 134 இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு பிறந்தனர். உலகில் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சுவிஸில் நூறு பிள்ளைகளில் ஆறு அல்லது ஏழு பிள்ளைகள். அப்படியானால் எமது மண்டபங்களில் ஒரு விழாவுக்கு நூறு குடும்பங்கள் கூடும்போது, அங்கே இந்தத் துன்பத்தைக் கடந்து வந்த தாய் தகப்பன்மார் சிலராவது இருப்பார்கள். ஆனால் அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. "பிள்ளை மந்தமாகி விடுமோ" என்ற பயம் ஒரு பக்கம். "என்ன சாப்பிட்டாய், ஏன் பாரம் தூக்கினாய், கிரகணத்தில் வெளியே போனாயோ" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் கேள்விகள் மறுபக்கம்.

நாம் வைத்தியர்கள் அல்லர். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இன்று சூரிச்சின் ஓரத்தில் ஒரு தொழிற்சாலையில் மின்சார வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் வேலை செய்பவர்கள். ஆனால் எமது வீட்டிலும் 29ஆம் கிழமையில் பிறந்த ஒரு மகள் இருக்கிறாள். ஏழு கிழமைகள் கண்ணாடிப் பெட்டிக்கும் வீட்டுக்குமாக அலைந்த காலத்தில் எமக்குள் இருந்த கேள்வி ஒன்றேதான்: இவளுடைய மூளைக்கு என்ன ஆகும்? வைத்தியர்களிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டும், பிறகு தேடி வாசித்தும் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு இது உதவும் என்பது எமது எண்ணம்.

கடைசி மூன்று மாதத்தில் நடப்பது என்ன?

மூளையின் அடிப்படைக் கலங்களை நரம்புக்கலங்கள் என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை கர்ப்பத்தின் நடுப்பகுதி முடியும்போதே உருவாகிவிடுகின்றன. ஆனால் கலங்கள் இருந்தால் மட்டும் போதாது. ஒன்றோடொன்று தொடுக்கப்பட வேண்டும். அந்த வேலை மும்முரமாக நடப்பது கடைசி மூன்று மாதத்தில்தான். 24ஆம் கிழமையில் மூளையின் மேற்பரப்பு தோலுரித்த நுங்கு போல வழுவழுப்பாக இருக்கும். 40ஆம் கிழமையில் அதில் மடிப்பும் சுருக்கமும் நிறைந்துவிடும். 34ஆம் கிழமையில்கூட மூளையின் நிறை, மாதம் நிறைந்த பிள்ளையின் மூளை நிறையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். மீதி மூன்றிலொரு பங்கும் கடைசி ஆறு கிழமைகளில் சேர்கிறது.

மூளையின் நடுவே தலமஸ் என்ற ஒரு பகுதி உண்டு. அதைத் தபால் கந்தோர் என்று சொல்லலாம். கண், காது, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் இங்கே வந்துதான் மூளையின் மேற்பட்டைக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. தலமஸிலிருந்து புறப்படும் நார்கள் மேற்பட்டைக்குள் நேரே போய்விடுவதில்லை. அதற்குக் கீழே உள்ள ஒரு தற்காலிகத் தளத்தில் சில கிழமைகள் காத்து நிற்கின்றன. விசா முடிவுக்காக முகாமில் காத்திருந்த எம்மவருக்கு இது நன்றாக விளங்கும். ஏறக்குறைய 24ஆம் கிழமைக்குப் பிறகே அவை உள்ளே நுழையத் தொடங்குகின்றன. காது கேட்கத் தொடங்குவதும் இந்தக் காலத்தை ஒட்டியே. 26, 27 கிழமைகளில் பிறக்கும் பிள்ளை, இந்த நார்கள் வாசற்படியில் கால் வைத்திருக்கும் நேரத்தில் உலகத்துக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது உறை. எமது வேலைத்தளத்தில் செப்புக் கம்பிக்கு மேல் பிளாஸ்ரிக் உறை இல்லாவிட்டால் அந்த வயரை எறிய வேண்டியதுதான். மூளையின் நார்களுக்கும் உறை உண்டு. கொழுப்பாலான அந்த உறையை மயலின் என்கிறார்கள். உறை போட்ட நாரில் செய்தி பல மடங்கு வேகமாகப் போகும். இந்த உறைபோடும் வேலை பிறப்புக்குச் சற்று முன் தொடங்கி, இருபது வயதைத் தாண்டியும் தொடர்கிறது. உறைபோடும் கலங்கள் இன்னும் முதிராமல், மிக மென்மையாக இருக்கும் காலம் 23 முதல் 32 கிழமைகள் வரை.

ஆனால் வயருக்கும் மூளைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாம் கட்டி அனுப்பும் வயர் கட்டியபடியே இருக்கும். மூளையிலோ பயன்படும் இணைப்பு பலமடைகிறது, பயன்படாத இணைப்பு மெல்ல மெல்ல நீக்கப்படுகிறது. பிள்ளை எதைக் கேட்கிறது, யார் தொடுகிறார்கள், எவ்வளவு நேரம் நிம்மதியாகத் தூங்குகிறது என்பவையும் இந்தக் கட்டுமானத்தில் பங்கு கொள்கின்றன. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவதன் மையம் இதுதான்.

குறைமாதத்தில் வரும் ஆபத்துகள்

முதலாவது, இரத்தக் கசிவு. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் உள்ள ஒரு பகுதி இருக்கிறது. மாதம் நெருங்கும்போது அது தானாகவே மறைந்துவிடும். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் அந்தக் குழாய்கள் வெடிக்கக்கூடும். பெரும்பாலும் இது பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் நடக்கிறது. பிள்ளையின் உச்சிக்குழியில் கருவியை வைத்து அடிக்கடி ஸ்கான் எடுப்பது இதைப் பார்ப்பதற்கே. "ஏன் திரும்பத் திரும்பத் தலையைப் பார்க்கிறார்கள்" என்று பயப்படத் தேவையில்லை. அது வழக்கமான பரிசோதனை. சிறிய கசிவுகள் பல தாமாகவே ஆறிவிடுகின்றன.

இரண்டாவது, ஒட்சிசன் குறைவாலும் கிருமித் தொற்றாலும் உறைபோடும் கலங்கள் பாதிக்கப்படுவது. இதனால் இணைப்புகள் உள்ள வெள்ளைப் பகுதி பலவீனமடையலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டால் கைகால் அசைவில் குறை ஏற்படும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவும் இல்லாமலே இணைப்புகள் வேறு விதமாக வளர்வது. கருப்பையில் இருட்டு, கதகதப்பு, தாயின் இதயத் துடிப்பு. வெளியிலோ வெளிச்சம், கருவிகளின் சத்தம், ஊசி, கலைந்த தூக்கம். கட்டுமானம் நடக்கும் இடம் மாறும்போது கட்டடமும் சற்று மாறுகிறது.

இதை விரிவாக ஆராய்ந்த ஒரு திட்டம் லண்டனில் நடந்தது. கிங்ஸ் கல்லூரி, இம்பீரியல் கல்லூரி, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து, வளரும் மனித மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கும் பணியில் இறங்கின. பால் குடித்துத் தூங்கும் பச்சைக் குழந்தைகளைக் காது மூடி எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் படங்கள் 2021ஆம் ஆண்டளவில் உலக ஆய்வாளர்களுக்குத் திறந்து விடப்பட்டன. அவற்றிலிருந்து தெரிய வந்தது இது: மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையில் தொடுகை, அசைவு, கேள்வி, பார்வை ஆகியவற்றுக்கான இணைப்பு வலைகள் பெருமளவு தயாராக இருக்கின்றன. கவனம், சிந்தனை போன்றவற்றுக்கான வலைகள் அரைகுறையாகவே இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை அதே 40 கிழமை வயதில் படமெடுத்துப் பார்த்தால், பல வலைகளில் இணைப்பு வேறுபட்டிருக்கிறது.

இதே லண்டன் ஆய்வாளர்கள் சிலர் 2014இல் வெளியிட்ட இன்னொரு முடிவு பெற்றோருக்கு ஆறுதல் தரக்கூடியது. மூளையின் முக்கிய சந்திகளை இணைக்கும் பெருந்தெருக்கள் 30ஆம் கிழமையிலேயே அமைந்துவிடுகின்றன. குறைமாதப் பிள்ளைகளிலும் அவை பெரும்பாலும் தப்பி நிற்கின்றன. குறைவாகத் தெரிவது, மேற்பட்டையையும் தலமஸ் போன்ற ஆழ்ந்த பகுதிகளையும் இணைக்கும் கிளைத்தெருக்களில்தான். கண்டி வீதி இருக்கிறது, ஒழுங்கைகள் சில பழுதாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கைகளைத் திருத்தக் காலம் இருக்கிறது.

சூரிச்சில் நடந்த ஒரு முயற்சி

நாம் வாழும் இந்த நகரமும் இந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தது. எரித்ரோபொயட்டின் என்றொரு பொருள் உண்டு. சுருக்கமாக இ.பி.ஓ. என்பார்கள். எமது சிறுநீரகம் சுரக்கும் இது, இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. சைக்கிளோட்ட வீரர்கள் களவாக ஏற்றிப் பிடிபட்ட அதே மருந்துதான். அது மூளைக் கலங்களையும் காப்பாற்றுகிறது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின.

சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையின் பச்சிளங் குழந்தைப் பிரிவைச் சேர்ந்த பேராசிரியர் ஹன்ஸ் உல்றிச் பூஹரும் அவருடைய குழுவினரும் இதை மனிதக் குழந்தைகளில் சோதித்தார்கள். 2005 முதல் 2012 வரை, சுவிஸின் ஐந்து நிலையங்களில், 26 முதல் 31 கிழமைகளில் பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் சம்மதத்தோடு சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குப் பிறந்த முதல் இரண்டு நாட்களுக்குள் மூன்று தடவை இ.பி.ஓ. கொடுக்கப்பட்டது. மறு பகுதியினருக்கு மருந்தற்ற ஊசி. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது.

40 கிழமை வயதில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள் 2014இல் வெளியாயின. வெள்ளைப் பகுதியில் பாதிப்புத் தெரிந்தது மருந்து பெற்றவர்களில் 22 வீதத்தினருக்கு, பெறாதவர்களில் 36 வீதத்தினருக்கு. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பின்னர் 2019இல் சூரிச் சிறுவர் வைத்தியசாலையின் அந்திராஸ் யக்கப் முதலியோர் இந்தப் படங்களில் இணைப்புகளை எண்ணிப் பார்த்தபோது, மருந்து பெற்ற பிள்ளைகளில் இணைப்புகள் சற்றுப் பலமாகவும் பரவலாகவும் இருக்கக் கண்டார்கள்.

ஆனால் படம் ஒன்று, பிள்ளை ஒன்று. பிள்ளைகள் இரண்டு வயதானபோது அவர்களின் அறிவு வளர்ச்சியும் அசைவும் பரிசோதிக்கப்பட்டன. 448 பிள்ளைகளைக் கொண்டு 2016இல் வெளியான முடிவு: இரு பகுதியினருக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் இன்னும் சிறிய பிள்ளைகளில் செய்யப்பட்ட பெரிய சோதனையும் 2020இல் அதே முடிவைத்தான் தந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஸ்கான் படத்தை வைத்துப் பிள்ளையின் தலைவிதியை எழுதிவிட முடியாது. படம் நன்றாக இருந்தும் பிள்ளைக்கு உதவி தேவைப்படலாம். படத்தில் குறை தெரிந்தும் பிள்ளை நன்றாக வளரலாம். வைத்தியர் "பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லும்போது, எதையோ மறைக்கிறார் என்று எம்மவர் நினைப்பதுண்டு. அவர் மறைக்கவில்லை. உண்மையைத்தான் சொல்கிறார்.

ஜெனீவாவில் ஒலித்த மகுடி

மருந்தைத் தவிர வேறு வழி உண்டா என்று தேடியவர்களில் ஒருவர் ஜெனீவா பல்கலைக்கழக வைத்தியசாலையின் பேராசிரியர் பெத்ரா ஹுப்பி. தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளை கேட்பது பெரும்பாலும் அர்த்தமற்ற சத்தம். அலாரம், கதவு, காற்று ஊதும் கருவி. அதற்குப் பதிலாக அர்த்தமுள்ள ஒலியைக் கொடுத்தால் என்ன என்று அவருடைய குழு யோசித்தது.

சூரிச்சில் பிறந்த புகழ்பெற்ற யாழ் இசைக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் ஃபொலென்வைடரை அழைத்தார்கள். அவர் பலவித வாத்தியங்களைக் குழந்தைகளின் அருகே வாசித்துப் பார்த்தார். அனுபவமிக்க தாதி ஒருவர் பிள்ளைகளின் கண்ணையும் கையையும் கவனித்தார். பிள்ளைகள் அதிகம் அசைந்து கொடுத்தது எதற்குத் தெரியுமா? பாம்பாட்டியின் மகுடிக்கு! அழுத பிள்ளையும் அமைதியாகிக் கவனித்ததாம். எமது ஊர்த் தெருவோரத்தில் கேட்ட மகுடி, ஜெனீவா வைத்தியசாலையில் பிள்ளை வளர்க்க வந்துவிட்டது. யாழ், மணி, மகுடி மூன்றையும் கொண்டு எட்டு நிமிட அளவில் மூன்று இசைத் துண்டுகள் ஆக்கப்பட்டன. ஒன்று விழிக்கும்போது, ஒன்று விழித்திருக்கும்போது, ஒன்று தூங்கப் போகும்போது.

இசை கேட்ட பிள்ளைகளையும் கேட்காத பிள்ளைகளையும் மாதம் நிறைந்த பிள்ளைகளையும் பின்னர் படமெடுத்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. வருகின்ற செய்திகளில் எது முக்கியம் என்று தெரிந்தெடுக்கும் ஒரு வலை மூளையில் இருக்கிறது. இசை கேட்காத குறைமாதப் பிள்ளைகளில் அந்த வலைக்கும் மற்ற வலைகளுக்கும் இடையில் தொடர்பு குறைவாக இருந்தது. இசை கேட்டவர்களில் அது மாதம் நிறைந்த பிள்ளைகளின் அளவை நெருங்கியிருந்தது.

இது சிறு தொகைப் பிள்ளைகளில் செய்த ஆய்வு. ஆகவே கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அந்தப் பிஞ்சுக் காதுக்கு அதிக சத்தம் கேடு. எதைச் செய்வதென்றாலும் தாதியிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

தாயின் குரல், தாயின் மொழி

இசைக்கு முன்னே பிள்ளை அறிந்தது தாயின் குரலை. மற்றச் சத்தங்கள் வயிற்றைத் தாண்டி மங்கலாகக் கேட்கும். தாயின் குரல் அவளுடைய எலும்பு, தசை வழியாக உள்ளிருந்தே வரும். பிறந்து சில நாட்களேயான பிள்ளை வேறு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுகிறது என்பது 1980இலேயே அமெரிக்காவில் சோதித்துக் காட்டப்பட்டது. 2009இல் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகர ஆய்வாளர்கள் இன்னொரு விந்தையைக் கண்டார்கள். பிரெஞ்சுத் தாயின் பிள்ளை அழும்போது குரல் ஏறி முடிகிறது. ஜேர்மன் தாயின் பிள்ளை அழும்போது குரல் இறங்கி முடிகிறது. அந்தந்த மொழியின் இராகம் வயிற்றிலேயே காதில் விழுந்துவிடுகிறது.

அப்படியானால் 27 கிழமையில் பிறந்த பிள்ளை மூன்று மாத காலத் தாய்க்குரலை இழந்து நிற்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் தாயின் குரலையும் இதயத் துடிப்பையும் பதிவுசெய்து நாளுக்கு மூன்று மணித்தியாலம் கேட்கச் செய்தார்கள். ஒலியை உணரும் மூளைப் பகுதி அந்தப் பிள்ளைகளில் தடித்து வளர்ந்திருந்தது. இம்முடிவு 2015இல் வந்தது. 2025இல் கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஒருபடி மேலே போனார்கள். தாய்மார் தமது மொழியில் ஒரு கரடிக்குட்டிக் கதையை வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தார்கள். இரவு வேளையில் அது பிள்ளைக்கு மெல்லிய ஒலியில் கேட்டது. வீட்டுக்குப் போகுமுன் எடுத்த ஸ்கானில், மூளையின் இடப்பக்கத்தில் மொழிக்கான முக்கிய நார்க்கட்டு அந்தப் பிள்ளைகளில் கூடுதலாக முதிர்ந்திருந்தது. குரலால் இணைப்பு வளர்கிறது என்பதற்கு இது நேரடியான சாட்சி.

இங்கே எம்மவருக்கு ஒரு வார்த்தை. அந்த அறையில் சுவிஸ் தாய்மார் தம் பிள்ளைகளோடு சூரிச் டொச்சில் கொஞ்சும்போது, எமது பெண்கள் வாய் திறக்கக் கூச்சப்பட்டு நிற்பதைக் கண்டிருக்கிறோம். தாதிக்கு விளங்காத மொழியில் பேசுவது மரியாதைக் குறைவென்று சிலர் எண்ணுகிறார்கள். வேறு சிலர் நேற்றுப் படித்த அரைகுறை டொச்சில் பிள்ளையோடு பேச முயல்கிறார்கள். பிள்ளை வயிற்றில் கேட்டது தமிழை. அதையே பேசுங்கள். தாலாட்டுத் தெரியாவிட்டால் இன்று என்ன சமைத்தீர்கள் என்று சொல்லுங்கள். எமது வீட்டில் அம்மம்மா கிளிநொச்சியிலிருந்து தொலைபேசியில் பாடி அனுப்பிய தாலாட்டைக் கேட்டுப் பழகி, பெட்டியின் ஓட்டையில் கைவைத்தபடி தாய் மெல்லப் பாடினாள். இதயத்துடிப்பைக் காட்டும் திரையில் எண்ணிக்கை இறங்கி நிதானமாவதைத் தாதிதான் எமக்குக் காட்டினாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் "இன்னும் பாடுங்கள்" என்று கையால் சைகை செய்தாள்.

நெஞ்சோடு அணைத்தல்

தொடுகை அடுத்தது. 1978இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரில், வைத்தியர் எட்கர் ரே சனாப்ரியா என்பவர் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் தவித்தார். தாயின் வெற்று நெஞ்சில் பிள்ளையைக் கட்டிவிட்டார். கங்காரு தன் குட்டியை வைத்திருப்பதுபோல. வறுமையில் பிறந்த இந்த வழி இன்று பணக்கார நாட்டு வைத்தியசாலைகளிலும் வழக்கமாகிவிட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்தவுடனேயே நெஞ்சோடு அணைக்கத் தொடங்கினால் நிறை குறைந்த பிள்ளைகளின் மரணம் நான்கிலொரு பங்கு குறைகிறது என்று அது காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் இதையே பரிந்துரைத்தது.

நெஞ்சில் கிடக்கும் பிள்ளை ஆழ்ந்து தூங்குகிறது. ஆழ்ந்த தூக்கம் இணைப்புகள் வளரும் நேரம். "தொட்டால் கிருமி தொற்றும், எட்டி நில்லுங்கள்" என்று ஊரில் சொல்லித்தந்ததை இங்கே மறந்துவிடுங்கள். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டுக் கேளுங்கள். "கெங்குரு" என்று சொன்னாலே தாதிக்கு விளங்கும். தகப்பன்மாரும் செய்யலாம். காலை முறை வேலை முடிந்து டிராமில் வந்து, சட்டையைக் கழற்றி, ஒன்றேகால் கிலோ மகளை நெஞ்சில் வாங்கிய நாட்களில் எண்ணெய் மணம் போகக் குளித்துவிட்டே வந்தோம். முதலில் பயம். நான்காம் நாள் அவளோடு சேர்ந்து நாமும் தூங்கிவிட்டோம்.

இதற்கு நேரம் வேண்டும் அல்லவா? 2021 யூலை முதலாம் திகதியிலிருந்து இந்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. பிறந்தவுடன் பிள்ளை தொடர்ந்து இரண்டு கிழமைகளாவது வைத்தியசாலையில் இருந்தால், வேலை செய்யும் தாயின் 14 கிழமைப் பேறுகால ஊதியம், பிள்ளை அங்கிருந்த நாட்களின் அளவுக்கு, ஆகக்கூடியது 56 நாட்கள் வரை நீட்டப்படும். விடுமுறையின் பின் வேலைக்குத் திரும்பும் எண்ணம் தாய்க்கு இருக்க வேண்டும். வேலை செய்யும் தகப்பனுக்கு இரண்டு கிழமை உண்டு. இது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். வைத்தியசாலையின் சமூக சேவைப் பிரிவில், சோசியால்டீன்ஸ்ற் என்பார்கள், கேட்டால் படிவத்தை நிரப்ப உதவுவார்கள்.

இரண்டு வயதும் ஒரு தபாலும்

வீட்டுக்கு வந்த பின்னும் குறைமாதப் பிள்ளைக்கு இரண்டு வயது உண்டு. பிறந்த திகதியிலிருந்து ஒன்று. பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து இன்னொன்று. வளர்ச்சியைப் பார்க்கும்போது முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னைய வயதையே கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று மாதம் முந்திப் பிறந்த பிள்ளை ஒன்பதாம் மாதத்தில் இருக்கவில்லை என்றால் அது ஆறு மாதப் பிள்ளை, அவ்வளவுதான். மாமியின் பிள்ளையோடு ஒப்பிட்டு வீட்டில் சண்டை வேண்டாம்.

பிள்ளைகளின் வளர்ச்சியை அளப்பதில் சூரிச் பேர் பெற்ற இடம். 1954 முதல் இங்கே பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து பெரியவராகும் வரை தொடர்ந்து பார்த்து எழுதி வருகிறார்கள். அந்தப் பணியை 1978 முதல் 2005 வரை சூரிச் சிறுவர் வைத்தியசாலையில் நடத்தியவர் பேராசிரியர் ரெமோ லார்கோ. 2020இல் காலமானார். குறைமாதப் பிள்ளைகளையும் அவர் பள்ளி வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளே இயல்பான வேறுபாடு மிகப் பெரியது, ஒவ்வொரு பிள்ளையும் தன் நேரத்தில்தான் வளரும் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் சொன்னது.

கிஸ்பி என்று எல்லோரும் அழைக்கும் அந்த வைத்தியசாலை 2024 நவம்பரில் லெங் பகுதியில் உள்ள புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. மிகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளை இரண்டு வயதளவிலும் ஐந்து வயதளவிலும் விரிவாகப் பரிசோதிப்பது சுவிஸ் முழுவதும் உள்ள ஒழுங்கு. அழைப்புத் தபாலில் வரும், டொச்சில் இருக்கும். பிள்ளை நன்றாகத்தானே ஓடித் திரிகிறது என்று அதை எடுத்து வைத்துவிடும் குடும்பங்கள் எம்மத்தியில் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். கவனம் சிதறுவது, கணக்கில் தடுமாறுவது, கையெழுத்து வராதது போன்ற நுட்பமான குறைகள் பள்ளிக்கூடம் தொடங்கும்போதுதான் தலைகாட்டும். மூளையின் இணைப்புகள் இளகி இருக்கும் வயதில் தொடங்கும் பயிற்சி அதிகம் பலன் தரும். பேச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி, வீட்டுக்கே வந்து விளையாட்டோடு சொல்லிக்கொடுக்கும் ஆரம்ப உதவி எல்லாம் இங்கே இருக்கின்றன. பரிசோதனைக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வீட்டில் பேசும் மொழி தமிழ் என்பதையும் சொல்லுங்கள். டொச்சில் கேட்ட கேள்விக்குப் பேசாமல் நிற்கும் பிள்ளை, தமிழில் கேட்டால் கதையே சொல்லும்.

எமது மகளுக்கு இப்போது நான்கு வயது. படி இறங்கும்போது இன்னும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்தே இறங்குகிறாள். அதற்காகக் கிழமைக்கு ஒரு தடவை பயிற்சிக்குப் போகிறோம். பேச்சில் எம்மை வெல்கிறாள், இரண்டு மொழியிலும். நாளை என்ன வருமென்று யாருக்கும் தெரியாது. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் அது தெரியாதுதான்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளை முந்திப் பிறந்துவிட்டதென்று கேள்விப்பட்டால், ஏன் பிறந்தது என்று கேட்காதீர்கள். பல வேளைகளில் வைத்தியருக்கே காரணம் தெரிவதில்லை. தாய் குற்றவாளியும் அல்ல. இரண்டு கறியும் சோறும் கட்டிக்கொண்டு போங்கள். மூத்த பிள்ளையை ஒரு பின்னேரம் உங்கள் வீட்டில் வைத்திருங்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் தாய் தன் பிள்ளையின் அருகே இருந்து பேசட்டும். அந்த மூளையில் ஓர் ஒழுங்கையாவது அன்று திருத்தப்படும்.